ஆயிரம் டிகிரிக்கு மேல் ஐடிஓ படலத்தை நம்பலாமா?

நீங்கள் கேட்டது இது: நிக்கல் உலோகக்கலவையில் செய்த டர்பைன் பிளேடின் மேற்பரப்பு வெப்பநிலையை 1200 டிகிரி செல்சியஸ் வரை அளக்க வேண்டும், செல்பேசித் திரையில் இருக்கும் இண்டியம் டின் ஆக்ஸைடு, அதாவது ஐடிஓ, பிளாட்டினம்-ரோடியம் படலத்தின் இடத்துக்கு வருமா, வராது என்றால் அதைவிட நன்றாக மின்சாரம் கடத்தும் ஆக்ஸைடு எது. கேள்வியின் இரண்டாம் பாதியை நான் கொஞ்சம் மாற்றிப் படிக்கிறேன். எது அதிகம் கடத்தும் என்பது இங்கே பெரிய விஷயமே இல்லை. காலையில் 1100 டிகிரியில் காட்டிய அளவை, பத்து முறை சூடேறிக் குளிர்ந்த பிறகும் அதே படலம் அதே 1100 டிகிரியில் காட்டுமா என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. ஆக்ஸைடு படலங்களை ஸ்பட்டரிங் முறையில், அதாவது வாயு அயனிகளை மோதவிட்டு ஒரு தகட்டிலிருந்து அணுக்களைப் பெயர்த்துப் படியவைத்து, உலையில் ஏற்றி இறக்கி அளவுதிருத்தம் செய்வது என் வேலை. சுழலும் எஞ்சினுக்குள் வைத்து அளந்த அனுபவம் எனக்கு இல்லை. அதனால் உலையைப் பற்றிச் சொல்வதை என் அனுபவமாகவும், எஞ்சினைப் பற்றிச் சொல்வதைப் படித்ததிலிருந்து சொல்வதாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். நிக்கல் கலவை 1100 டிகிரியை ஒட்டியே தன் எல்லைக்கு வந்துவிடும். உங்கள் 1200 டிகிரி, உலோகத்தின் மேல் பூசிய வெப்பத்தடுப்புப் பூச்சின் மேற்பரப்பாகத்தான் இருக்க முடியும். அந்தப் பூச்சு பெரும்பாலும் இட்ரியா (இட்ரியம் ஆக்ஸைடு) கலந்த ஜிர்கோனியா (ஜிர்கோனியம் ஆக்ஸைடு). இது சின்ன விவரம் போலத் தோன்றும், ஆனால் கீழே பல இடங்களில் முடிவையே மாற்றும்.

ஆக்ஸைடு எப்படி மின்சாரம் கடத்துகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இண்டியம் ஆக்ஸைடில் ஆங்காங்கே ஆக்சிஜன் அணு இல்லாமல் காலியிடம் இருக்கும். ஒவ்வொரு காலியிடமும் இரண்டு எலக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கக்கூடியது. மூன்று மின்னூட்டம் கொண்ட இண்டியத்தின் இடத்தில் நான்கு மின்னூட்டம் கொண்ட டின் உட்கார்ந்தால் இன்னொரு எலக்ட்ரான் மிச்சமாகும். இந்த இரண்டும் சேர்ந்துதான் ஐடிஓவைக் கடத்தியாக்குகின்றன. நல்ல ஐடிஓ படலத்தின் மின்தடைத்திறன் ஒரு ஓம் சென்டிமீட்டரில் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு அளவுக்கு வரும். செம்பைவிட ஏறக்குறைய நூறு மடங்கு அதிகம்தான், ஆனால் ஒரு சென்சாருக்கு அது தாராளம்.

இதையெல்லாம் விட்டுவிட்டு பிளாட்டினத்தையே வைத்துக்கொண்டால் என்ன? கம்பியாக இருக்கும்வரை பிளாட்டினம் அருமையான பொருள். 1768 டிகிரியில்தான் உருகும், காற்றில் கெடாது. ஆனால் பிளேடின் சுவர் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும்போது அதில் பள்ளம் வெட்டிக் கம்பியைப் புதைத்தால், அளக்க வந்த வெப்பநிலையையே மாற்றிவிடுகிறோம். அதனால்தான் சில மைக்ரோமீட்டர் கனப் படலத்துக்குப் போகிறோம். படலமாக ஆனதும் பிளாட்டினத்துக்கு இரண்டு சிக்கல்கள் வருகின்றன, இரண்டும் நன்கு நிறுவப்பட்டவை. மெல்லிய பிளாட்டினப் படலம் 1000 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் நீண்ட நேரம் இருந்தால் துளைவிட்டு, மணிமணியாகத் திரண்டு, கடைசியில் தொடர்ச்சி அறுந்துபோகும். உருகுநிலைக்கு வெகு கீழேயே இது நடக்கும். பரப்பளவைக் குறைத்துக்கொள்ள அணுக்கள் மேற்பரப்பில் நகர்வதால் வருவது. அப்புறம், பிளாட்டினம்-ரோடியம் கலவையில் ரோடியம் மட்டும் தோராயமாக 600 முதல் 900 டிகிரி வரையான இடைவெளியில் ஆக்ஸைடாக மாறும். கனமான கம்பியில் அது மேல்தோலோடு நிற்கும். படலத்துக்கு மேல்தோலுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் இல்லை. தெர்மோகப்பிள் என்பது கால்கள் எனப்படும் இரு வேறு கடத்திகளை ஒரு முனையில் சேர்த்து, எழும் வோல்ட்டேஜிலிருந்து வெப்பநிலையைப் படிக்கும் கருவி; கலவையின் விகிதம் மாறினால் அந்த வோல்ட்டேஜ் மாறும்.

இங்கேதான் ஆக்ஸைடு வருகிறது. இண்டியம் ஆக்ஸைடு ஏற்கனவே ஆக்சிஜனேறியது. காற்றில் அதை இனி யாரும் ஆக்சிஜனேற்ற வேண்டியதில்லை. உருகுநிலை 1900 டிகிரியை ஒட்டியது. ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் ஓட்டோ கிரெகரியின் குழுவும் நாசாவின் கிளென் ஆய்வு மையமும் இந்தத் திசையில் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறார்கள். ஒரு கால் ஐடிஓ, மறு கால் வெறும் இண்டியம் ஆக்ஸைடு என்று இரண்டும் செராமிக்காக இருக்கும் தெர்மோகப்பிள்கள் அப்படி வந்தவைதான். ஆக, உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: வரும், ஆனால் செல்பேசித் திரைக்குச் செய்யும் ஐடிஓ அப்படியே வராது.

ஏன் வராது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1821இல் ஜெர்மானிய இயற்பியலாளர் சீபெக் கண்ட விளைவைத்தான் தெர்மோகப்பிளில் பயன்படுத்துகிறோம்: ஒரு கடத்தியின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ந்தும் இருந்தால் இடையில் வோல்ட்டேஜ் தோன்றும். ஒரு டிகிரிக்கு எவ்வளவு வோல்ட்டேஜ் என்பதே சீபெக் மதிப்பு. ஐடிஓ போல எலக்ட்ரான் நிறைந்த ஆக்ஸைடில், எலக்ட்ரான் அடர்த்தி ஏற ஏற இந்த வோல்ட்டேஜ் குறையும். திரைக்குச் செய்பவர் மின்தடை குறைய வேண்டும் என்று எலக்ட்ரானை அள்ளித் திணிக்கிறார்; நமக்கு அதுவே சிக்னலைத் தின்னும். எது அதிகம் கடத்தும் என்பது பெரிய விஷயமே இல்லை என்று முதலில் சொன்னது இதனால்தான்: மிக நன்றாகக் கடத்தும் படலம் தெர்மோகப்பிளுக்கு நல்ல கால் அல்ல. இரண்டு கால்களுக்கும் எலக்ட்ரான் அடர்த்தியில் வேண்டுமென்றே வித்தியாசம் வைத்தால் அந்த வித்தியாசமே சிக்னல் ஆகும். எஸ் வகை பிளாட்டினம்-ரோடியம் தெர்மோகப்பிள் 1000 டிகிரியை ஒட்டி ஒரு டிகிரிக்கு 11, 12 மைக்ரோவோல்ட் தரும்; நிக்கல் கலவைகளால் ஆன கே வகை 40ஐ ஒட்டித் தரும். சரியாகச் செய்த ஆக்ஸைடு ஜோடி எஸ் வகையைவிடப் பல மடங்கு தரும். இதில் சந்தேகம் இல்லை, உலையில் நேரடியாகப் பார்க்கக்கூடியது.

அதே விளைவு ஒரு எச்சரிக்கையையும் தருகிறது. தெர்மோகப்பிளின் வோல்ட்டேஜ் இரு கால்களும் சேரும் புள்ளியில் பிறப்பதில்லை. சூடான முனைக்கும் குளிர்ந்த முனைக்கும் நடுவே, வெப்பநிலை சரியும் பகுதி முழுவதிலும் பிறக்கிறது. கம்பியில் அந்தப் பகுதி எஞ்சினுக்கு வெளியே, அமைதியான இடத்தில் இருக்கலாம். படலத்தில் அது பிளேடின் மேலேயே, வாயு அடிக்கும் இடத்திலேயே இருக்கிறது. படலத்தின் கனமோ சேர்மானமோ அந்தச் சரிவில் இடத்துக்கு இடம் மாறினால் சந்திப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அளவு தவறும். அதனால், சந்திப்பை மட்டும் நுண்ணோக்கியில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். ஸ்பட்டரிங்கில் கால்களின் முழு நீளத்துக்கும் சீராகப் படிந்ததா என்று பாருங்கள். இன்னொன்று: ஆக்ஸைடு படலத்தைக் குளிர்ந்த முனைவரை கேபிள் போல இழுத்துக்கொண்டு போக முடியாது. எங்கோ ஓரிடத்தில் பிளாட்டினத் திட்டு வைத்து அங்கிருந்து பிளாட்டினக் கம்பி எடுப்போம். அந்தத் திட்டு 300 டிகிரியில் இருந்தால் ஆக்ஸைடு ஜோடி சொல்வது 300க்கு மேலுள்ள வித்தியாசத்தை மட்டுமே. இரண்டு திட்டுகளும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். அந்த வெப்பநிலையைத் தனியாக அளக்கவும் வேண்டும். விசித்திரமான எண்களோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது திட்டின் வெப்பநிலையைத்தான்.

அடுத்தது ஆக்சிஜன். என் கணக்கில் இந்தத் துறையின் மையமே இதுதான். சூடான ஆக்ஸைடு தன்னைச் சுற்றியுள்ள ஆக்சிஜனோடு எப்போதும் கொடுக்கல் வாங்கலில் இருக்கும். சுற்றிலும் ஆக்சிஜன் குறைந்தால் காலியிடங்கள் கூடும், எலக்ட்ரான் கூடும், மின்தடையும் சீபெக் மதிப்பும் மாறும். டின் கலக்காத ஆக்ஸைடில், காலியிடங்கள் மட்டுமே எலக்ட்ரான் தருவதாக எடுத்துக்கொண்டால், எலக்ட்ரான் அடர்த்தி ஆக்சிஜன் அழுத்தத்தின் ஆறாம் மூலத்துக்கு எதிர்விகிதத்தில் போகும். ஆக்சிஜன் அழுத்தம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் எலக்ட்ரான் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும் என்று பொருள். வெப்பநிலை ஒரு டிகிரிகூட மாறாமலே இது நடக்கும். காலியம் ஆக்ஸைடு, டைட்டானியம் ஆக்ஸைடு போன்றவற்றை வைத்து ஆக்சிஜன் சென்சார் செய்வதே இந்தக் குணத்தை நம்பித்தான். ஒருவருக்குச் சிக்னலாக இருப்பது உங்களுக்குப் பிழை. காற்றில் அளவுதிருத்திய படலத்தை எஞ்சினில் எரிபொருள் எரிந்து வரும் வாயுவுக்குள் கொண்டுபோய் அதே அட்டவணையால் வெப்பநிலை படிப்பது ஆகாத காரியம். போதுமான டின் கலந்த ஐடிஓவில் எலக்ட்ரான் எண்ணிக்கையைப் பெரும்பாலும் டின் நிர்ணயிப்பதால் ஆக்சிஜனின் பிடி தளரும். அப்படியானால் ஜோடியில் எந்தக் கால் ஆடும்? கலக்காத இண்டியம் ஆக்ஸைடு கால்தான். பெரிய சிக்னலைத் தருவதும் அதுதான் என்பது இந்த ஜோடியின் உண்மையான இக்கட்டு.

ஆவியாதலையும் மறந்துவிட வேண்டாம். உருகுநிலை 1900 என்பதால் 1400 டிகிரிவரை கவலை இல்லை என்று நினைத்தால் தவறு. ஆக்சிஜன் குறைந்த சூழலில் டின் ஆக்ஸைடு ஆக்சிஜனை இழந்து ஒற்றை ஆக்ஸைடு வாயுவாகப் பறக்கும். இண்டியமும் ஆக்சிஜன் குறைந்த ஆவி வடிவில் போகும். கட்டியில் இது கண்ணுக்குத் தெரியாது, ஒரு மைக்ரோமீட்டர் படலத்தில் தெரியும். வெற்றிடத்திலோ ஹைட்ரஜன் கலந்த வாயுவிலோ ஆயிரம் டிகிரிக்கு மேல் ஐடிஓவை வைக்காதீர்கள். மேலே அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்ஸைடு, மூடி போட்டால் இழப்பு வெகுவாகக் குறையும். வேறு ஆக்ஸைடுகளையும் இந்தக் கண்ணாலேயே பாருங்கள். ருத்தேனியம் ஆக்ஸைடு உலோகம் போலக் கடத்தும், "நன்றாகக் கடத்துவது எது" என்ற உங்கள் கேள்விக்கு நேரடி விடை அதுதான்; ஆனால் காற்றில் 800, 1000 டிகிரி என்று ஏறும்போது உயர் ஆக்ஸைடு வாயுவாகி ஓடிவிடும். அலுமினியம் கலந்த துத்தநாக ஆக்ஸைடும் இந்த வெப்பத்துக்கு ஏற்றதல்ல. ஸ்ட்ரான்சியம் அல்லது கால்சியம் கலந்த லாந்தனம் குரோமைட் தாக்குப்பிடிக்கும். உலைகளில் வெப்பமூட்டும் தண்டாகவே அது பயன்பட்டிருக்கிறது. அதில் மின்சாரத்தைச் சுமப்பது துளைகள், அதாவது நேர்மின்னூட்டம் போல நகரும் எலக்ட்ரான் இல்லாத இடங்கள், எனவே சீபெக் குறி இண்டியம் ஆக்ஸைடுக்கு எதிரானது. இரண்டையும் ஜோடி சேர்த்தால் வோல்ட்டேஜ்கள் கூடும். மின்னூட்டம் அணுவுக்கு அணு தாவிப் போகும் வகை என்பதால் அதன் சீபெக் மதிப்பு வெப்பநிலையோடு அதிகம் மாறுவதில்லை. அளவுதிருத்தத்துக்கு அது நல்ல குணம். ஆனால் நீராவி கலந்த சூடான வாயுவில் குரோமியம் ஆவியாகும், எரிந்து வரும் வாயுவில் நீராவி இல்லாமல் இருக்காது. எரிபொருள் மின்கலத்தில் வரும் லாந்தனம் ஸ்ட்ரான்சியம் மாங்கனைட்டை யோசிக்கிறீர்கள் என்றால், அது ஜிர்கோனியாவோடு 1200 டிகிரிக்கு மேல் வினைபுரிந்து லாந்தனம் ஜிர்கோனேட் என்ற மோசமான கடத்தியை உண்டாக்கும். உங்கள் பூச்சே ஜிர்கோனியா என்பதால் அதை நேரடியாக மேலே போட வேண்டாம்.

ஜிர்கோனியா பற்றி இன்னொன்று. இட்ரியா கலந்த ஜிர்கோனியா 1000 டிகிரியில் ஆக்சிஜன் அயனிகளை நன்றாகக் கடத்தும். அதை மின்கடத்தாப் பொருள் என்று கணக்கில் எடுக்கவே கூடாது. நடுவில் அலுமினா அடுக்கு வேண்டும். அந்த அலுமினாவும் சூட்டில் பலவீனமாகும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மின்தடைத்திறன் ஆயிரத்தில் ஒரு பங்கு ஓம் சென்டிமீட்டர், கனம் ஒரு மைக்ரோமீட்டர், நீளம் 50 மில்லிமீட்டர், அகலம் ஒரு மில்லிமீட்டர் என்றால் காலின் மின்தடை 500 ஓம். அடியில் 5 மைக்ரோமீட்டர் அலுமினா இருக்கிறது, அந்தச் சூட்டில் அதன் மின்தடைத்திறன் ஒரு கோடி ஓம் சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், படலத்துக்கும் அடியிலுள்ளதற்கும் இடையே கசிவு மின்தடை 10,000 ஓம்தான் வருகிறது. சிக்னலில் சில சதவீதம் கசிவில் போக வாய்ப்பிருக்கிறது. இது குறையே இல்லாத அலுமினாவுக்கு. ஊசித்துளை இருந்தால் கதை வேறு. இதனால்தான் காலின் மின்தடையைக் கண்டபடி ஏறவிடவும் முடியாது. கடத்துதிறன் வந்து நுழையும் ஒரே இடம் இதுதான். அலுமினாக் கட்டி மீதோ சிலிக்கான் கார்பைடு பாகத்தின் மேல் அலுமினா போட்டோ வேலை செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

விரிவாக்கமும் உங்களைச் சோதிக்கும். நிக்கல் கலவை ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 14 பங்கோ அதற்கு மேலோ விரியும், அலுமினா 8 பங்குதான். 300 டிகிரியில் படியவைத்த படலத்தை 1000க்கு ஏற்றினால் வித்தியாசம் 0.4 சதவீதத்தைத் தாண்டும், படலம் இழுபட்டு விரிசல் விடும். மெதுவாக ஏற்றி, வேலை செய்யும் வெப்பநிலைக்கும் மேலே வைத்துப் பதப்படுத்தினால் இழுவிசை தளர்ந்துவிடும். பிறகு குளிரும்போது படலம் அமுக்கப்படும், செராமிக் அமுக்கத்தை நன்றாகவே தாங்கும். பதப்படுத்துவதில் இன்னொரு பலனும் உண்டு. புதிதாகப் படிந்த படலம் இறுகிக்கொண்டே இருக்கும், துகள்கள் வளர்ந்துகொண்டே இருக்கும், அளவும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஸ்பட்டரிங் வாயுவில் நைட்ரஜன் சேர்த்தால் இந்த இறுக்கம் மட்டுப்பட்டு ஐடிஓ அதிக வெப்பத்தில் நிலையாக நிற்கிறது என்று கிரெகரி குழுவினர் காட்டியிருக்கிறார்கள். நான் முயன்ற படலங்களிலும் அது உதவியது. எந்த வழியாக உதவுகிறது என்பதில் ஆட்களுக்குள் ஒரே கருத்து இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கேள்வியின் கடைசி வரியில் ஸ்ட்ரெய்ன் கேஜ், அதாவது ஒரு பாகம் நீள்வதையோ சுருங்குவதையோ (திரிபை) மின்தடை மாற்றத்தால் அளக்கும் படலம், பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதில் நான் உங்களைத் தயங்கச் சொல்வேன். திரிபைப் போல எத்தனை மடங்கு மின்தடை மாறுகிறது என்பதே கேஜ் காரணி; உலோகக் கேஜுக்கு அது 2ஐ ஒட்டி இருக்கும். ஐடிஓவுக்கு அதைவிடப் பெரிய மதிப்புகள் வெளியாகியிருக்கின்றன, ஆனால் அவை ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நிற்கின்றன. படலம் செய்த விதத்தையும் அளந்த வெப்பநிலையையும் பொறுத்தவை. மற்றவர் கட்டுரையில் இருக்கும் எண்ணை உங்கள் படலத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். பெரிய தொல்லை வெப்பநிலைதான். மின்தடை ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 1000 பங்கு மாறுகிறது, கேஜ் காரணி 2 என்றால், ஒரு டிகிரி மாற்றமே 500 மைக்ரோஸ்ட்ரெய்னாக, அதாவது நீளத்தில் பத்து லட்சத்தில் 500 பங்கு திரிபாக, தெரியும். ஐடிஓவின் மின்தடை உயர் வெப்பத்தில் குறைந்துகொண்டு போகும், பிளாட்டினத்தின் மின்தடை ஏறும். இரண்டையும் தொடராகச் சேர்த்து ஒன்றை ஒன்று ஈடுகட்ட வைப்பது நடைமுறையில் உண்டு. குறுகிய வெப்ப இடைவெளிக்கு அது சரிப்படும். அதிர்வு போன்ற வேகமான திரிபை அளக்கலாம். மணிக்கணக்கில் மெதுவாக ஏறும் திரிபை 1000 டிகிரிக்கு மேல் இந்தப் படலங்களால் அளக்கிறோம் என்று யாராவது சொன்னால் அவர்களுடைய டிரிஃப்ட் தரவை, அதாவது திரிபே இல்லாதபோது அளவு எவ்வளவு நகர்கிறது என்ற தரவை, முதலில் கேளுங்கள்.

சரி, உங்கள் இடத்தில் நான் என்ன செய்வேன்? உலோகப் பரப்பு 900 டிகிரிக்குள் என்றால் ஆக்ஸைடுக்கே போக மாட்டேன். சில மைக்ரோமீட்டர் கனத்தில் பிளாட்டினம்-பல்லேடியம் ஜோடி போடுவேன். இரண்டும் தூய தனிமங்கள், கலவை விகிதம் மாறும் பேச்சே இல்லை. பல்லேடியம் இடைப்பட்ட வெப்பத்தில் ஆக்ஸைடாகி, மேலே போனதும் மறுபடி உலோகமாகும் என்பதை மட்டும் கவனித்து மூடி போட வேண்டும். பூச்சின் மேல் 1200 டிகிரிதான் வேண்டும் என்றால் அலுமினா அடுக்கின் மேல் ஐடிஓவும் இண்டியம் ஆக்ஸைடும், மேலே இன்னொரு அலுமினா மூடி. பிளாஸ்மா தெளித்த ஜிர்கோனியாவின் கரடுமுரடான பரப்பில் இந்த மெல்லிய அடுக்குகள் தொடர்ச்சியாகப் படியாது. அந்த இடத்தையாவது மெருகேற்றிக்கொள்ளுங்கள்.

பிளேடுக்குப் போகும் முன் ஒரு அலுமினாத் தகட்டில் அதே ஜோடியைச் செய்து, பக்கத்திலேயே எஸ் வகைக் கம்பித் தெர்மோகப்பிள் வைத்து, 1250 டிகிரியில் காற்றில் பதப்படுத்திய பின் ஏற்றி இறக்குங்கள். ஏறும்போது வரும் வளைகோடும் இறங்கும்போது வருவதும் ஒன்றின் மேல் ஒன்று படிகிறதா என்று பாருங்கள். பிறகு 1200 டிகிரியில் நிறுத்தி, வெப்பநிலையைத் தொடாமல், காற்றை ஒரு சதவீத ஆக்சிஜன் கலந்த நைட்ரஜனாக மாற்றுங்கள். வோல்ட்டேஜ் எத்தனை டிகிரிக்குச் சமமாக நகர்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் எஞ்சினில் எரிந்து வரும் வாயுவில் ஆக்சிஜன் அழுத்தம் எவ்வளவு மாறும் என்று தெரிந்தால், அந்த ஒரு எண்ணை வைத்தே அளவில் எத்தனை டிகிரி பிழை வரும் என்று சொல்லிவிடலாம். அது உங்களுக்குத் தாங்காத பிழை என்றால் டின் கலக்காத காலை விட்டுவிட்டு, ஐடிஓவுக்கு ஜோடியாகக் கனமான பிளாட்டினத்தைப் போட்டுப் பாருங்கள். சிக்னல் குறையும், ஆக்சிஜனால் வரும் ஆட்டமும் குறையும்.